முப்பத்திரண்டாம் நாள்

விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் எழுத்து விழுந்து பதினொரு நிமிஷம். பதினொரு நிமிஷம் ஒரு நேரமே இல்லை, தவநாயகம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், ஒஸ்லோவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த அலிகாந்தே நிலையத்தில் பாஸ்போட் பார்க்கிற வேலை இல்லைத்தான், ஆனாலும் கதவு திறக்க வேண்டும், ஆட்கள் இறங்க வேண்டும், பெட்டி சுற்றி வர வேண்டும், அதிலும் யோகமலர் அவசரப்பட்டு எழும்புகிற மனுசியா, எல்லாரும் இறங்கிப் போகட்டும் என்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் குந்தியிருப்பாள், பஸ்ஸிலும் அப்படித்தான், கோயிலில் சோறு போடுகிற வரிசையிலும் அப்படித்தான், கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து எந்த வாசலிலும் கடைசி ஆளாய்த்தான் வந்திருக்கிறாள், ஆகவே பதினொரு நிமிஷம் ஒன்றுமில்லை, இப்போது பன்னிரண்டு. கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். காலையில் அனுப்பின செய்தி, ‘ஏறிட்டீரோ’, அதன் பக்கத்தில் ஒற்றைச் சரிக்குறி, இரண்டாவது குறி விழவில்லை, விமானத்துக்குள் எல்லாரும் அணைத்து வைப்பதுதானே, ஆனால் சக்கரம் நிலத்தில் பட்டதும் படாததுமாய் முழு விமானமும் கைப்பேசியைத் திறந்து டிங் டிங் என்று மணியடிக்கிற காலமில்லையா இது, இவள் மட்டும் ஏன் திறக்கவில்லை, மறந்திருப்பாள், சார்ஜ் போயிருக்கும், அல்லது கைப்பேசி திறந்துதான் இருக்கிறது, அது ஒஸ்லோவில், மகள் வீட்டுக் குசினியில், அரிசிப் போத்தலில் சாய்த்தபடி. இந்த எண்ணம் வந்ததும் தவநாயகம் தடுப்புக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். கம்பி வெதுவெதுப்பாக இருந்தது. இந்த நாட்டில் எல்லாமே வெதுவெதுப்புத்தான், கம்பி, கார்க் கதவு, குழாயில் வருகிற தண்ணீர், அதற்காகத்தானே வந்தது.

நேற்றுப் பின்னேரம் கதைத்தபோது அவள் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. “பெட்டி கட்டிட்டீரோ?” என்று கேட்டார். “பிள்ளை அழுறான், வைக்கிறன்” என்றாள். பிள்ளை அழுகிற சத்தம் இவருக்குக் கேட்கவில்லை. பிறகு இவரே திரும்ப எடுத்தார், மகள் சங்கவிதான் தூக்கினாள், அப்பா என்றாள், அந்த அப்பாவில் ஒரு கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு ஆளைப் பார்க்கிற சத்தம் இருந்தது. “நான் அம்மாவுக்கு நில்லுங்கோ எண்டும் சொல்லேல்லை, போங்கோ எண்டும் சொல்லேல்லை அப்பா. அம்மா தானா ஒரு முடிவு எடுக்கட்டும். சீவியத்தில ஒருக்காலாவது.” அவர் சரி பிள்ளை என்றார். பிழை எங்கே தொடங்கியது என்று அவருக்குத் தெரியும், அதை விரலால் தொட்டுக் காட்டலாம், விமான ரிக்கெற்றில் தொடங்கியது. மகளுக்கு வைத்தியர் குறித்துக் கொடுத்த பிள்ளைப்பேற்று நாளை வாங்கி, அதற்கு நாலு நாள் முதல் போகிற பயணத்தைப் போட்டு, குறித்த நாளிலிருந்து விரல் மடித்து எண்ணி, முப்பத்தொன்றாம் நாள் பிள்ளைப்பெற்ற துடக்குக் கழிவு, பிள்ளைக்கு முடி வழித்து, வீடு கழுவி, ஐயரைக் கூப்பிட்டுப் பெயர் வைத்து, முப்பத்திரண்டாம் நாள் திரும்புகிற விமானம். எவ்வளவு ஒழுங்காய்ச் செய்துவிட்டோம் என்று அன்றைக்கு ஒரு தேத்தண்ணி கூடப் போட்டுக் குடித்தார். பிள்ளைப்பெத்த வீட்டுக்குப் போகிற தாய் முப்பத்தொண்டு முடியத் திரும்பிவிடுவாள், ஊர் உலகத்தில் உள்ளதுதானே. சங்கவி அந்தத் தேதியைத் திருப்பி ஒருமுறை கேட்டாள். “முப்பத்தொண்டோட பிள்ளை வளர்ந்திடுமோ அப்பா?” என்றாள். அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்துத்தான் சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தாய்வீடு இருந்த காலத்தில் முப்பத்தொன்று என்பது தாய் தன் வீட்டுக்குத் திரும்பி அடுத்த நாள் காலமை மறுபடி வருகிற நாள், இங்கே அது நாலு மணித்தியாலம் பறந்து வந்துவிடுகிற நாள், அந்த வித்தியாசம் அவருடைய விரல்களுக்குத் தெரியவில்லை. பிறகு பிள்ளை ஒன்பது நாள் பிந்திப் பிறந்தது. வயிற்றுக்குள் இருக்கிற ஆளுக்கு ரிக்கெற்றின் தேதி தெரியுமா. முப்பத்திரண்டாம் நாள் என்று போட்டது இருபத்துமூன்றாம் நாளாகிப் போனது, அந்த இருபத்துமூன்று இன்றைக்கு. மருமகன் கஜன் நல்ல பொடியன், “மாமா, நான் மாத்திவிடுறன், ஒரு அமத்து அமத்தினாச் சரி” என்றான். “வேண்டாம் தம்பி, போட்டது போட்டபடி இருக்கட்டும்.” ஏன் அப்படிச் சொன்னார்? வாய் தானாகச் சொன்னது. வாய் தானாகச் சொல்லுமா? கதவு திறந்தது.

கதவு திறந்து முதல் ஆட்கள் வந்தார்கள், கைப்பெட்டி மட்டும் வைத்திருக்கிற ஆட்கள், நாலு இளம் பெட்டைகள், கோல்ப் மட்டைப் பையோடு ஒரு கிழவன், அவனுக்குப் பின்னால் சிவந்த கழுத்தோடு இன்னும் இரண்டு கிழவர்கள், எல்லாரும் நோர்வேக்காரர், ஓய்வூதியம் வாங்குகிற முகங்கள், வெளிக்கதவு வழியாக வெய்யிலைக் கண்டதும் ஒரு பெருமூச்சு விட்டுச் சட்டைக் கையை மடிக்கிறார்கள். அந்தப் பெருமூச்சு இவருக்கு எவ்வளவு காலமாய்த் தெரியும். வடக்கே, நோர்வேயின் உச்சந்தலையில், போட்ஸ்ஃபியோர் என்ற ஊரில், வருஷத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊரில், மீன் தொழிற்சாலையில் இவர் வெட்டுகிற மிஷினில் நின்ற காலத்தில் ஆர்னெ என்று ஒரு மேற்பார்வையாளன் இருந்தான். அவன் அறுபத்தேழு வயதில் ஓய்வெடுத்து மனைவியோடு ஸ்பெயினுக்குப் போய் அங்கிருந்து ஒரு தபாலட்டை அனுப்பினான், தோடம்பழ மரம், கீழே ஒரு கதிரை, கதிரையில் ஆர்னெ, அரைக் காற்சட்டை. சாப்பாட்டு அறையில் அதைக் குத்தி வைத்திருந்தார்கள். தமிழர்கள் பதினாலு பேர் அந்த அட்டையைப் பார்த்தபடி சோறு சாப்பிட்டார்கள், அவர்களில் ஒருவர் மனதில் மட்டும் அது ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரன் வயது போனால் வெய்யிலுக்குப் போகிறான், நான் ஏன் போகக் கூடாது, நானும் அவன் கட்டின வரியைத்தானே கட்டினேன். அந்த அட்டையை முப்பது வருஷம் மனதுக்குள் வைத்திருந்தார் மனுசன். இங்கே வந்து குடியேறின பிறகுதான் இன்னொரு பழைய ஆள் சொன்னான், ஆர்னெ இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டானாம், போட்ஸ்ஃபியோருக்கே, ஏனென்று கேட்டால் “அங்கே வானிலையே கிடையாது, தினமும் ஒரே நாள்” என்றானாம். இதை யோகமலருக்குச் சொன்னபோது அவள் அன்றைக்குத்தான் மாதக்கணக்குக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். “உங்கட குருவே ஓடிட்டான், நீங்கள் என்ன செய்யப் போறியள்?” சிரிப்போடு சிரிப்பாகக் கேட்ட கேள்வி அது. அவர் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டார்.

அவளுடைய கை என்றுதான் சொன்னார், எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னார், சங்கவிக்கு, கஜனுக்கு, கோயில் சபையில் கேட்டவர்களுக்கு, யோகத்தின்ர கைக்கு வெக்கை நல்லதாம், டொக்டர் சொன்னவர். டொக்டர் சொன்னது உண்மை. தொழிற்சாலையில் அவளுக்கு வெளிச்ச மேசையில் வேலை, கண்ணாடி மேசைக்குக் கீழே குழல்விளக்கு, மேலே வெட்டின மீன் துண்டு, வெளிச்சத்தில் துண்டுக்குள் சுருண்டிருக்கிற புழு நிழலாய்த் தெரியும், கத்தி நுனியால் கிள்ளி எடுக்க வேண்டும், ஐஸ் தண்ணீரில் கை, எட்டு மணித்தியாலம், அந்த வரிசையில் அவளைப்போல் விரைவாய்க் கிள்ள ஒருத்தியும் இல்லை, ரஷ்யப் பெட்டைகள் கூட வந்து நின்று பார்ப்பார்கள். அந்தக் கை இப்போது போத்தல் மூடி திறக்காது. ஆகவே கைக்கு என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் அட்டையில் கதிரையில் இருந்தது அவளுடைய கை இல்லையே. அவர் கேட்டார், ஒஸ்லோவில், சனிக்கிழமை, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், “ஸ்பெயினில ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறன், போவமே?” அவள் கீரையிலிருந்து தலை எடுக்கவில்லை. “உங்கட விருப்பம்” என்றாள். அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். போட்ஸ்ஃபியோரிலிருந்து ஒஸ்லோவுக்கு வரும்போதும் உங்கட விருப்பம், இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்றபோதும் உங்கட விருப்பம், ஒஸ்லோ வீட்டை விற்றபோதும் அதுதான், ஒரு சொல்லை இத்தனை வருஷம் ஓம் என்றே வாசித்துக்கொண்டு வந்திருக்கிறார், வெளிச்ச மேசையில் ஒருநாள் வைத்துப் பார்த்திருந்தால் உள்ளே சுருண்டு கிடந்தது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. தெரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை.

பத்தொன்பது நிமிஷம். இப்போது பெரிய பெட்டிக்காரர் வரத் தொடங்கிவிட்டார்கள், கும்பலாய், ஒவ்வொரு முறை கதவு விரியும்போதும் அவர் குதிக்காலில் எழும்பி உள்ளே எட்டிப் பார்த்தார், ஒரு கறுத்தத் தலை தெரிந்தது, இல்லை, ஸ்பானியக்காரி. இங்கே வந்த முதல் தை மாதம் நினைவு வந்தது. வெளியே வெய்யில், தோடம்பழம், எல்லாம் அட்டையில் உள்ளபடி, வீட்டுக்குள்ளே மட்டும் எலும்பைத் தொடுகிற குளிர், மாபிள் தரை, சூடாக்கி இல்லை, இந்த ஊரில் வீட்டைக் கோடைக்குத்தான் கட்டியிருக்கிறார்கள். யோகமலர் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு ரொட்டி தட்டினாள். “நோர்வேயில வெளியில குளிர், இஞ்ச வீட்டுக்குள்ள குளிர். நல்ல மாத்தம்தான் இஞ்சருங்கோ.” புதன்கிழமைகளில் நோர்வேக்காரரின் மன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார், வாஃபல் சுட்டுத் தருவார்கள், அவள் கதிரை நுனியில் இருந்து இரண்டு மணித்தியாலம் சிரித்தபடி இருப்பாள், வீட்டுக்கு வந்ததும் தாடை நோகுது என்பாள். ஒஸ்லோவில் அவளுக்குக் கோயில் இருந்தது, தமிழ்க்கடையில் வாழைக்காயை அமத்திப் பார்த்தபடி அரை நாள் கதைக்க நாலு மனுசிகள் இருந்தார்கள், இங்கே அரிசிப் போத்தலில் சாய்த்து வைத்த கைப்பேசியில் சங்கவி மட்டும். ஒருநாள் சந்தைக் கடையில் காணவில்லை என்று தேடிக்கொண்டு போனால் மீன் பகுதியில் நிற்கிறாள். உப்புப் போட்டுக் காய வைத்த கொட் மீன், பலகை பலகையாக, நோர்வேயிலிருந்து வருவது, இந்த நாட்டுக்காரருக்கு அதில் உயிர். அதில் ஒரு பலகையை எடுத்துக் கூரை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் கடைக்காரப் பெண் வாய் பார்த்தபடி. “என்ன செய்யிறீர்?” “புழு இருக்கோ எண்டு பார்க்கிறன்.” பிறகு அதை மெல்ல அதன் இடத்தில் வைத்தாள். “எங்களுக்கு முதலே இவை இஞ்ச வந்திட்டினம்.” அவர் அதைக் கதையாக எல்லாருக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறார். பலகையை வைத்த பிறகு அவள் தன் விரல்களை முகர்ந்து பார்த்ததை மட்டும் சொல்லுவதில்லை.

“தவா!” என்று ஒரு சத்தம். இங்ரித், அவர்கள் தெருவில் மூன்றாவது வீடு, எழுபத்திரண்டு வயது, பெரிய சிவப்புப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நேரே வருகிறாள். அதே விமானம். தவநாயகத்துக்கு முதலில் தோன்றியது தூணுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும் என்றுதான், ஏனென்றால் இவளைக் கேட்டால் தெரிந்துவிடும், கேட்காதவரைக்கும் யோகமலர் உள்ளே பெட்டி சுற்றுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஆனால் கால் நகரவில்லை.

“யாருக்காக நிற்கிறாய்?” இங்ரித் நோர்வே மொழியில் கேட்டாள்.

“மனைவி வருகிறாள்.”

“அட, இந்த விமானத்திலா? நான் ஏறினதும் மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டேன், பைலட் வந்து எழுப்பியிருந்தாலும் எழும்பியிருக்க மாட்டேன். அவளை நான் பார்க்கவில்லையே.” பெட்டியை நிறுத்தினாள். “பேரன்தானே? எத்தனை நாள்?”

“இருபத்துமூன்று.”

“இருபத்துமூன்று நாளில் திரும்பி வருகிறாளா? உங்கள் ஆட்கள் மாதக்கணக்கில் இருப்பார்கள் என்றல்லவா நினைத்தேன். என் மகள் என்னை மூன்றாம் நாளே துரத்திவிட்டாள்!” சிரித்தாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்தாள். “நான் கூட நிற்கட்டுமா?”

“வேண்டாம் வேண்டாம். இப்போது வந்துவிடுவாள்.”

பார்க்கவில்லையே. சிவப்புப் பெட்டி வெளிக்கதவைத் தாண்டிப் போன பிறகும் அந்தச் சொல் அங்கேயே நின்றது, பார்க்கவில்லையே, தூங்கினவள் எப்படிப் பார்ப்பாள், ஆனால் ஏறும்போது வரிசையில் நிற்கும்போது பார்த்திருக்கலாமே, முழு விமானத்திலும் சேலை கட்டின ஒரே மனுசியை, இல்லை, பயணத்துக்கு அவள் சேலை கட்டுவதில்லை, சல்வார்தான், பழுப்பு நிறத்தில் ஒன்று, அதைக் கொண்டுபோனாளா, அவருக்கு ஞாபகம் வரவில்லை, அவள் போன அன்று என்ன உடுத்திருந்தாள் என்று நினைத்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை, விமானநிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது கார் விட்ட இடத்தைத் தேடினது மட்டும் வந்தது. ஐந்து கிழமை தனிய இருந்திருக்கிறார். முதல் கிழமை மரத்தின் கீழ்க் கதிரையைப் போட்டு அட்டையில் உள்ளபடி இருந்து பார்த்தார், அரை மணித்தியாலத்தில் எழும்பிவிட்டார். இரண்டாம் கிழமை யாரோடும் கதைக்காமல் ஒரு முழு நாள் போனது, பின்னேரம் தொண்டையைச் செருமிப் பார்த்தார், சத்தம் வருகிறதா என்று. அப்போதுதான் முதன்முதலாக நினைத்தார், இந்த மனுசி இரண்டு வருஷம் இப்படித்தான் இருந்தாளா, நான் பக்கத்தில் இருக்கும்போதேயா. கஜன் மாற்றிவிடுகிறேன் என்று கேட்டது அதற்கு அடுத்த நாள். வாய் தானாகச் சொல்லவில்லை. அவள் வந்தால்தான் இங்கே வந்தது சரியென்று ஆகும், அவள் அங்கேயே நின்றுவிட்டால் இரண்டு வருஷமும், விற்ற வீடும், சொன்ன நியாயமும், எல்லாம் ஒரு கிழவனின் தபாலட்டை ஆசை என்று வெளிச்சத்துக்கு வந்துவிடும். தாயை மகளிடமிருந்து எட்டு நாள் முந்திப் பிடுங்கினது அதற்குத்தான், தான் பிழைவிட்டதை ஒருவரும் பார்க்காமல் இருக்க. பேரனை இன்னும் கையில் தூக்கவில்லை, கைப்பேசியின் கண்ணாடிச் சில்லுக்குள் ஒரு சிவந்த முகம், கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். இருபத்தெட்டு நிமிஷம். கதவு மூடிக் கிடந்தது. வராமல் இருக்கட்டும், திடீரென்று அப்படி ஒரு நினைப்பு வந்தது அவருக்கு, வராமலே இருக்கட்டும், ஒருமுறையாவது அவள் தன் விருப்பத்துக்கு நிற்கட்டும், நான் போகிறேன், நாளைக்கே போகிறேன், முப்பத்தொண்டுக்கு வாசலில் போய் நிற்கிறேன், சங்கவி கதவைத் திறக்காவிட்டாலும் மணியடித்துக்கொண்டு நிற்கிறேன். இதை நினைக்க நெஞ்சு இளகியது, நெஞ்சு இளகினதும் பயம் வந்தது, பயம் வந்ததும் இல்லை வரட்டும், வந்தாலும் அதையேதான் சொல்லப் போகிறேன், பெட்டியைக் கையில் வாங்க முதலே சொல்லிவிட வேண்டும், நாங்கள் திரும்பிப் போவம் யோகம், ஒரு சின்ன அறை வாடகைக்கு எடுத்தாலும் காணும், நான் பிழை விட்டிட்டன். நான் பிழை விட்டிட்டன் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பழக்கமில்லாத சொல், வாய்க்குள் வேறொருவருடைய பல்லுச்செட்டைப் போட்டதுபோல் இருந்தது.

கதவு விரிந்தது. தள்ளுவண்டிதான் முதலில் வந்தது, வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்று பெரிய பெட்டிகள், மேலே கயிறு போட்டுக் கட்டின ஒரு மட்டைப்பெட்டி, அதற்குப் பின்னால் ஆள் தெரியவில்லை, நெற்றி மட்டும் தெரிந்தது, பிறகு வண்டி ஒரு பக்கம் இழுக்க அதைத் தோளால் நேராக்கியபடி யோகமலர் வந்தாள். கடைசி ஆள். போகும்போது ஒரு பெட்டியோடு போனவள்.

அவர் ஓடிப்போய் வண்டியைப் பிடித்தார். சொல்ல வைத்திருந்ததை விட்டுப் பெட்டிகளைத்தான் பார்த்தார். “என்னப்பா இது, இவ்வளவு சாமான்?”

“எங்கடதான்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “சங்கவியின்ர நிலவறையில போட்டு வைச்சதெல்லாம். சாமிப்படம், அல்பம், உங்கட குளிர்ச் சட்டையள். மிச்சத்தைக் கோயிலுக்குக் குடுத்திட்டன்.”

“ஏன்? அவள் எடுக்கச் சொன்னவளோ?”

“பிள்ளையின்ர வண்டில் வைக்க இடமில்லையாம். கேட்டாள், எடுத்திட்டன்.” விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள். “வெளிக்கிடேக்க பால் குடுத்துக்கொண்டிருந்தவள். போட்டு வாறன் பிள்ளை எண்டன். நிமிரேல்லை.”

“முப்பத்தொண்டுக்கு ஆர் நிக்கிறது?”

“கஜனின்ர தாய் ட்ரொண்ட்ஹைமில இருந்து நாளைக்கு வாறா. ஒருவழி ரிக்கெற்தானாம்.”

அவர் அவளைப் பார்த்தார். கண் அழுதிருக்கவில்லை. முகத்தில் கோபம் இருக்குமா என்று தேடினார், இருந்தால் நல்லது, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியாக இருக்கும், அதுவும் இல்லை, வேலை முடிந்து தொழிற்சாலை வாசலால் வருகிற முகம். “நீர் நிண்டிருக்கலாமே யோகம்” என்றார்.

“நீங்கள் இண்டைக்கெண்டுதானே போட்டிருந்தனீங்கள்” என்றாள் அவள்.

பின்னால் கதவு மூடிக்கொண்டது, துப்புரவு செய்கிற பெண் ஒருத்தி வந்து தடுப்புக் கம்பியைத் துடைக்கத் தொடங்கினாள். தவநாயகம் வண்டியைத் தள்ளவில்லை. பிடித்தபடியே நின்றார். பிறகு சொன்னார், எல்லாம் அல்ல, பாதிதான் வந்தது, “நாங்கள் திரும்பிப் போவம், யோகம்.”

“எங்க?”

கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்கிற குரல்தான் அது. அவளுடைய கண் அவருடைய முகத்தில் மறுமொழிக்காகக் கொஞ்ச நேரம் நின்றது. அவர் கையை நீட்டிக் கார்கள் நிற்கிற பக்கத்தைக் காட்டினார்.